யோசனை இருந்தால் சொல்லுங்கள்

காங்கேசன்துறையில் இறங்கியபோது எனக்கு நிற்க முடியவில்லை. கப்பல் நின்ற பிறகும் தரை ஆடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் வாந்தி. கையில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் முகர்ந்து முகர்ந்தே வாடிவிட்டது. குடிவரவு மேசையில் இருந்த இளைஞர் என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "என்னத்துக்கு வாறியள்?" என்று கேட்டார். வாயை அதிகம் திறக்கப் பயந்து, "காலேஜ் பிள்ளைங்க மனசு பத்தி ஒரு ஆராய்ச்சி" என்றேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "முதல்லை நீங்கள் போய் இருங்கோ. அங்கை கதிரை கிடக்கு," என்று ஒரு நாற்காலியைக் காட்டினார்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். அந்தப் பருவத்தின் விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு கிளம்பியிருந்தேன். உடம்பில் பாதி இன்னும் விடைத்தாள்களுக்கு நடுவில்தான் இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, கல்லூரி மாணவர்களுக்குக் கிடைக்கும் மனநல உதவியை மேம்படுத்த ஆய்வு நடத்துகிறது. எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்விகள், ஒரே பயிற்சி. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் அதைத் தொடங்கும் முன், பிள்ளைகளுக்குக் கேள்விகள் புரிகின்றனவா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தமிழ் எல்லாம் ஒன்றுதானே என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மருதனார்மடம் சந்திக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை. சந்தை இரைச்சலும் ஆஞ்சநேயர் கோயில் மணியும் ஒரே யன்னல் வழியாக வந்தன. மாலையில் சுபாசினி வந்தார். கல்லூரியில் கணக்கியல் விரிவுரையாளர். மாணவர் ஆலோசகர் என்ற பொறுப்பும் அவர் தலையில்தான். நாற்பது வயது இருக்கும். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்காருவார், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடவேண்டியவர் போல. இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தார்.

"கடல் அடிச்சதுக்குச் சொதிதான் நல்லது மேடம். உறைப்பில்லை. குடியுங்கோ."

எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் என்றால் சர்க்கரை போட்டு வரும். இது மஞ்சளும் வெங்காயமும் எலுமிச்சைப் புளியுமாக வந்தது. வயிறு அன்று முதன்முதலாக என்னோடு சமாதானமானது. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் ஒலித்தது. அவர் தூக்கிவாரிப்போட்டாற்போல் நிமிர்ந்தார். மகன்தான், பாண், அதாவது பிரெட், வாங்கி வரச் சொல்லி. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் மார்பில் கைவைத்தபடி இருந்தார்.

மறுநாள் கல்லூரியில் எட்டு மாணவர்களோடு உட்கார்ந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். இடைவேளைக்கு மிதிவெடி தந்தார்கள். கண்ணிவெடியின் பெயரில் ஒரு தின்பண்டம். உள்ளே முட்டையும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிப் பொரித்தது. பிள்ளைகள் அதைச் சாதாரணமாகக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் பெயரைக் கேட்டுக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். "கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள் கீழாக உணர்ந்தீர்களா?"

ஒரு பையன் கையை உயர்த்தினான். "கீழை எண்டால், எங்கை மிஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது. எந்தக் கேள்விக்கும் "பிரச்சினை ஒண்டும் இல்லை" என்பதே பதில். தூக்கம் எப்படி? நல்லம். சாப்பாடு? நல்லம். படிப்பு? பறுவாயில்லை. மனசு சரியில்லையென்றால் ஆலோசகரிடம் போவீர்களா என்று கேட்டபோதுதான் அந்தப் பையன் மறுபடி வாயைத் திறந்தான்.

"அந்த அறை எங்கை இருக்கெண்டு பாத்தனீங்களே மிஸ்? கன்ரீனுக்கு நேர முன்னுக்கு. ஆர் போறது ஆர் வாறது எண்டு தேத்தண்ணி குடிக்கிற எல்லாரும் பாப்பினம். பேந்து அவனுக்கு விசராம் எண்டு கதை வந்திடும்."

விசர் என்றால் பைத்தியம். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். எனக்கு முதுகு வலித்தது. போதும் என்று முடித்துக்கொண்டேன். "சரிப்பா, வேற ஏதாவது யோசனை இருந்தா எங்கிட்ட சொல்லுங்க" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி எழுந்தேன்.

அறை காலியானது. ஒரு பெண் மட்டும் கதிரைகளை ஒழுங்காக்குவதுபோல் நின்றாள். டிலக்சனா. காங்கேசன்துறைப் பக்கம், தகப்பன் கடலுக்குப் போகிறவர் என்று தன்னைப் பற்றி முன்பே சொல்லியிருந்தாள்.

"மிஸ், யோசனை இருந்தால் சொல்லச் சொன்னனீங்கள்."

"சொல்லும்மா."

"எனக்கு ஒரே யோசனையாக் கிடக்கு. என்ரை சிநேகிதியை நினைச்சு."

எங்கள் ஊரில் யோசனை என்றால் ஒரு கருத்து, ஆலோசனை. இங்கே அது கவலை. அந்த நிமிடத்தில்தான் அது எனக்குத் தெரிந்தது. நான் அவர்களிடம் கேட்டதே வேறு. அவள் காதில் விழுந்தது வேறு. அவள் அதை நம்பி நின்றுவிட்டாள்.

சிநேகிதியின் பெயர் தர்சிகா. இருவரும் ஒரே போர்டிங் அறை. சில வாரங்களாகத் தர்சிகா வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லை. விடிந்தாலும் எழும்புவதில்லை. போன வாரம் காய்ச்சல் என்று சொல்லி சண்டிலிப்பாயில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"போகேக்குள்ளை தன்ரை நல்ல சட்டையளை என்னட்டைத் தந்தவள் மிஸ். கல்குலேட்டரையும் தந்தவள். சோதினைக்குத் தேவையெல்லோடி எண்டு கேட்டனான். எனக்கு இனித் தேவையில்லை எண்டாள். இப்ப போன் எடுத்தால் ஆன்சர் பண்ணுறாள் இல்லை." அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

பாடப் புத்தகத்தில் நான் ஆண்டுதோறும் கற்பிக்கும் அறிகுறி அது. தனக்குப் பிரியமானதை எடுத்துப் பிறருக்குக் கொடுத்துவிடுவது. வகுப்பில் சொல்லும்போது அது ஒரு வரி. உன் பெயரைச் சொல்லமாட்டேன், ஆனால் சுபாசினி மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள்.

ஆபத்து என்று தோன்றினால் அழைக்க ஓர் எண் எங்கள் ஆய்வில் உண்டு. திருச்சியில் உட்கார்ந்து நானே தெரிவுசெய்த, இங்குள்ள மனநல உதவி அலுவலகம் ஒன்றின் எண். சுபாசினியிடம் விஷயத்தைச் சொன்னேன். அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "நாளைக்குப் போயா மேடம்," என்றார் சுபாசினி. பௌர்ணமி இங்கே அரசாங்க விடுமுறை. "இண்டைக்கு மத்தியானத்தோடை எல்லாரும் வெளிக்கிட்டிருப்பினம்." மூன்றாவது முறையும் அழைத்தோம். பிறகு அவர் தர்சிகாவின் தாயோடு பேசினார். பிள்ளை படுத்திருக்கிறாள், காய்ச்சல் விட்டுவிட்டது, சாப்பாடுதான் இறங்கவில்லை என்றார் தாய். பிள்ளையைத் தனியே விடாதேங்கோ, நாளைக்குக் காலமை வாறம் என்று சுபாசினி சொன்னார். ஏன் என்று தாய் கேட்டதற்கு, சும்மா பாக்கத்தான் என்றார்.

காலையில் புறப்பட்டோம். சுபாசினியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார என் முதுகு ஒப்பவில்லை. ஓட்டோ பிடித்தோம். சந்தியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் ஏதோ 'டிக்' என்றது. ஓட்டோ பெருமூச்சு விட்டு ஓரமாக நின்றது. "கிளச் வயர் அறுந்துபோச்சு," என்றார் சாரதி. வேறு ஓட்டோ கிடைக்குமா என்றேன். "இண்டைக்குப் போயா," என்றார் அவர். அந்த ஊரில் அன்று எல்லாக் கேள்விக்கும் அதுதான் பதில்.

தனியார் பஸ் ஒன்று வந்தது. எங்கள் ஊர் மினிபஸ் போலவே பாட்டும் நெரிசலும். நடத்துநர் மட்டும் "உள்ளுக்குப் போங்கோ, அங்கை விளையாட்டு மைதானமே கிடக்கு" என்று கூவினார். எங்களுக்கு முன்னால் தெற்கிலிருந்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்று. குழந்தை ஏதோ கேட்க, தாய் களைத்த குரலில் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று சுபாசினியிடம் கேட்டேன். "எங்கை இறங்கிறதெண்டு தெரியாட்டிலும் பரவாயில்லையாம், இருக்க இடம் கிடைச்சிட்டுதாம்." அன்றைய பயணத்தில் எனக்கு முழுமையாகப் புரிந்த வாக்கியம் அதுதான்.

பஸ்ஸும் எங்களை வழியில்தான் விட்டது. மீதித் தூரம் லான்ட்மாஸ்டரில். இரண்டு சக்கர உழவு இயந்திரம், பின்னால் ஒரு பெட்டி. பெட்டி நிறையக் கோவா. எங்கள் ஊர் முட்டைக்கோஸ். ஓட்டியவர் கோவாக்களை ஒதுக்கி எங்களுக்கு இடம் செய்தார். செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் நின்றன. குலுங்கலில் என் பல் அடித்துக்கொண்டது.  தர்சிகாவின் வீட்டுப் படலையை, எங்கள் ஊர் வாசல் கேட்டை, கண்டதும் சுபாசினி இறங்கினார். ஆனால் உள்ளே போகவில்லை. படலையில் கை வைத்தபடியே நின்றார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்டுமில்லை மேடம். நீங்கள் முன்னுக்குப் போங்கோ."

தாய் எங்களைக் கண்டதும் குசினிக்குள் ஓடித் தேத்தண்ணி வைத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை என்பதை அதற்குள் கற்றிருந்தேன். பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது, அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறோம் என்றார். தர்சிகா உள்ளறையிலிருந்து வந்தாள். தலை வாரவில்லை. எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

அறைக்குள் மூவரும் உட்கார்ந்தோம். சுபாசினி வகுப்பைப் பற்றிக் கேட்டார், தேர்வைப் பற்றிக் கேட்டார். அவள் ஓம், இல்லை என்றாள். அடுத்துக் கேட்கவேண்டியது சுபாசினியின் உதட்டில் வந்து நிற்பதும் போவதுமாக இருந்தது. நான் கேட்டேன்.

"தர்சிகா, நேராவே கேக்கிறேம்மா. செத்துப்போயிடலாம்ங்கிற எண்ணம் வருதா?"

 இத்தனை வருடம் இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். முகத்துக்கு நேராகக் கேட்ட தடவைகள் குறைவு.

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, "ஓம்," என்றாள். கண்ணீர் அப்புறம்தான் வந்தது. "ஒருத்தரும் கேக்கேல்லை மிஸ். எல்லாரும் சாப்பிட்டியோ எண்டுதான் கேக்கினம்."

சுபாசினி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தோளில் அவள் முகம் புதைத்தாள். படிப்பில் பின்தங்கியது, தங்கள் வகுப்பில் எல்லோருக்கும் புரிவது தனக்கு மட்டும் புரியவில்லை என்று நினைத்தது, வீட்டில் தன்னை நம்பியிருப்பது என்று துண்டு துண்டாக வந்தது. இவற்றில் எதுவும் அவ்வளவு பெரிதில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவள் பயந்திருந்தாள். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை.

சுபாசினியின் பழைய மாணவி ஒருத்தியின் கணவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண் செவிலியராக இருந்தார். அவர் மூலம் கடமையிலிருந்த வைத்தியர் கிடைத்தார். வைத்தியர் போனிலேயே தர்சிகாவோடு பேசினார். பிள்ளை வர ஒப்புக்கொள்கிறாள், தாய் தகப்பன் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றால் காலையில் முதல் ஆளாகக் கூட்டிவாருங்கள், இடையில் சிறிது மாற்றம் தெரிந்தாலும் அந்த நிமிடமே புறப்படுங்கள் என்றார்.

தாய்க்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"அந்தக் கிளினிக்குக்கோ? ஐயோ தங்கச்சி, விசர் எண்டு ஊர் கதைக்குமே. மூத்தவளுக்கு இப்பத்தான் ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறம்."

தோட்டத்திலிருந்து தகப்பன் வந்தார். காலெல்லாம் செம்மண். அவருக்குக் கோபம். "படிக்கத்தானே அனுப்பினனாங்கள். வருத்தக்காரியாக்கித் திருப்பி அனுப்பிப்போட்டு, இப்ப வந்து நிக்கிறியள்."

வருத்தக்காரி என்றால் அங்கே நோயாளி. சுபாசினி அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் மெதுவாக ஏதோ சொன்னார். நான் தள்ளி நின்றேன். அந்த மனிதர் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டதை மட்டும் பார்த்தேன். திரும்பி வந்தபோது மனைவியிடம், "இண்டைக்கு நீ பிள்ளையோடை படு," என்றார். எங்களைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரோணும்?" என்று கேட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி. எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் அதே டெட்டால் வாசம், அதே நீண்ட தாழ்வாரம். தாய் முந்தானையால் தலையை மூடியபடி, கிளினிக்கின் பெயர்ப்பலகை தெரியாத பக்கமாகப் பார்த்து நின்றார். அப்போது அவர்கள் ஊர்க்காரப் பெண் ஒருவர் எதிரே வந்துவிட்டார். "என்ன இஞ்சாலை?" என்று அவர் கேட்டதும் தாயின் முகம் வெளிறியது. கண் கிளினிக், பல் கிளினிக் எல்லாம் அதே தாழ்வாரத்தில்தான். எதையாவது சொல்லியிருக்கலாம்.

"மகளுக்கு மனம் சரியில்லை," என்றார் தாய். "டொக்டரிட்டைக் காட்ட வந்தனாங்கள்."

அந்தப் பெண் தர்சிகாவை ஒருமுறை பார்த்தார். "நம்பர் எடுத்தாச்சோ? அந்த மூலைக் கதிரையிலை இருங்கோ. அங்கை மட்டும்தான் ஃபேன் சுத்தும்," என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த மருந்துப் பையோடு கடந்து போனார். தாய் அவர் போவதையே பார்த்தார். பிறகு மூலைக்கு நடந்தார்.

வைத்தியர் ஓர் இளம்பெண். அவசரப்படாமல் பார்த்தார். தர்சிகா தனியாகக் கொஞ்ச நேரம், தாய் தகப்பனோடு கொஞ்ச நேரம். மருந்து தொடங்கியது. வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும், தேர்வை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். வெளியே வந்த தர்சிகா சுபாசினியிடம், "டிலக்சனாதானே சொன்னவள்?" என்று கேட்டாள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. "கல்குலேட்டரை அவளே வச்சிருக்கட்டும். நான் வந்து வாங்கிறன்," என்றாள்.

அன்று மாலை ஆய்வுக் குழுவோடு காணொளிப் பேச்சு. குழுத்தலைவர் நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டு, முதலில் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்றார். பிறகு கேள்விகள் எப்படிப் போயின என்றார். கேள்விகளை முழுக்க மாற்றவேண்டும் என்றேன். அதற்கு முன்னால் அந்த ஆலோசனை அறையின் வாசலை மாற்றவேண்டும் என்றேன். அவர் அங்கே சிரித்தது கேட்டது. நான் சிரிப்பாகச் சொல்லவில்லை. விளக்கிச் சொல்லத் தெம்பும் இல்லை. இணைப்பு அறுந்ததும் உடுத்தியிருந்த சேலையோடு தூங்கிப்போனேன்.

திரும்புகிற நாள், துறைமுகத்துக்குச் சுபாசினி வழியனுப்ப வந்தார். காற்று பலமாக இருந்தது. "இண்டைக்குக் கப்பல் இல்லை. நாளைக்கும் காத்தைப் பாத்துத்தான்," என்றார் காவலாளி. நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போன் செய்து சொல்லக்கூட எழும்ப முடியவில்லை. சுபாசினி பெட்டியை இழுத்துக்கொண்டுபோய் ஒரு கடையின் நிழலில் வைத்தார். இருவருக்கும் பிளேன்ரீ, பாலில்லாத தேநீர், வாங்கினார். பழைய சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கமிருந்து மணலை வாரிக்கொண்டு காற்று வந்தது.

"உங்களுக்கு நேரம் இருக்கோ எண்டு இப்ப கேக்கத் தேவையில்லை என்ன," என்றார். பிறகு, "நான் கொஞ்சம் கதைக்கட்டோ மேடம்?"

"பேசுங்க சுபாசினி."

"போன வருசம் ஒரு பொடியன். என்ரை வகுப்புத்தான். முன் வாங்கிலை, முன் பெஞ்சிலை இருக்கிறவன். எங்களுக்குத் தெரியவரேக்குள்ளை பிந்திப்போச்சு." தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "செத்தவீட்டுக்குப் போனனான். தாய் வந்து என்ரை கையைப் பிடிச்சா. 'நீங்கள்தானே கவுன்சிலிங் மிஸ்?' எண்டு கேட்டா. கோபமாக் கேக்கேல்லை. ஆரெண்டு அறியத்தான் கேட்டா. நான் ஓம் எண்டன். வேறை ஒண்டும் சொல்ல வரேல்லை."

படலையில் கை வைத்து நின்றது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அண்டையிலை இருந்து போன் அடிச்சால் நெஞ்சு திக்கெண்டும். நித்திரை இல்லை. வகுப்புக்குப் போனால் முன் வாங்கைப் பாக்கமாட்டன்."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"ஆரிட்டைச் சொல்லுறது? ஆருக்கும் கதைக்கோணுமெண்டால் என்னட்டையெல்லோ அனுப்புகினம்."

அவர் அழவில்லை. சொல்லச் சொல்லக் கைப்பையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தார், பிறகு கீழே வைத்தார். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அந்தப் பையனின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டேன். கணக்கில் கெட்டிக்காரன், எழுத்துத்தான் கோழி கிண்டினது மாதிரி என்றார். வெயில் சாயும் வரை அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் எங்களுக்கு ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார். இருவரும் தின்றோம்.

மறுநாளும் கப்பல் இல்லை. அதற்கடுத்த நாள் போனது. இந்தமுறையும் வாந்திதான்.

ஊருக்கு வந்து அறிக்கை எழுதினேன். கேள்விகளைத் திருத்த அந்த மாணவர்களையே கூட்டிவைத்துச் செய்யவேண்டும் என்று எழுதினேன். பாடமும் நடத்தி, இந்தப் பொறுப்பையும் ஒரே ஆள் சுமக்கமுடியாது, இதற்கென்றே ஆள் வேண்டும், அவர்கள் போய்ப் பேசவும் ஓர் ஆள் வேண்டும் என்று எழுதினேன். முதலாவதை ஒப்புக்கொண்டார்கள். மற்றவை பரிசீலனையில் இருக்கின்றன. கல்லூரி ஆலோசனை அறையை நூலகத்தின் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே யார் போனாலும் புத்தகம் எடுக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். தர்சிகா வாரத்தில் சில நாள் வகுப்புக்கு வருகிறாள். எல்லா நாளும் நல்ல நாள் இல்லை என்று டிலக்சனா எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை மாலைகளில் நான் சுபாசினிக்குப் போன் செய்கிறேன். அது எந்த ஆய்விலும் சேர்த்தி இல்லை. முதல் சனிக்கிழமை மணி அடித்ததும் அவர் பதறி எடுத்தார். நான்தான் என்று தெரிந்ததும் நீளமாக மூச்சு விட்டார். பிறகு மகன் கிரிக்கெட் மட்டையால் யன்னலை உடைத்தது, மாமியாரோடு சிறு பிணக்கு, கணவாய் மீன் கறி அடிப்பிடித்தது என்று பேசிக்கொண்டே போனார். மாணவர் யாரைப் பற்றியும் அன்று அவர் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.